ஈனா டி சில்வாவும் அலுவிகாரைப் பெண்களும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் வீதியில், மாத்தளை மாவட்டத்தின் நாவுலவை அடையுமுன்னர் நாலந்தா என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள கெடிகே எனும் கற்கோயில் 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தது. பௌத்த ஆலயமாயினும் அது தென்னிந்தியத் திராவிடக் கட்டட மரபிலே எழுந்தது. சிங்களவரும் தமிழரும் கலையால் எவ்வளவு நெருங்கியிருந்தனர் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. போவதென்ன நீர்த்தேக்கம் உருவானபோது இக்கோயில் நீரில் மூழ்கும் நிலை ஏற்பட்டது. 1970களில் கற்களைக் கழற்றி, மேட்டு நிலத்தில் மீண்டும் அடுக்கிக் கோயிலைக் காப்பாற்றினர்.

கல்லிலே நிற்கும் கலையை இவ்வாறு காக்கலாம். மனிதரின் கைகளிலே வாழும் கலையை எங்ஙனம் காப்பது?

இவ்வினாவுக்கு விடை தேட, அதே வீதியில் தெற்கே திரும்பி, மாத்தளை நகரை அடுத்த அலுவிகாரைக்கு வருவோம். செவிவழியாகவே பேணப்பட்ட பௌத்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்ட இடம் இதுவென்பது மரபு. போரும் பஞ்சமும் வந்து, மனனஞ்செய்த பிக்குகள் மடிந்தால் மறையும் மடிந்துவிடும் என்ற அச்சமே அம்முயற்சிக்குக் காரணமாயிற்று. அறிவைச் சுமப்பவர் அழிந்தால் அறிவும் அழியும் என்பதை இவ்வூர் அன்றே உணர்ந்திருந்தது.

அலுவிகாரைக் குடும்பத்திலே 1922இல் பிறந்தவர் ஈனா டி சில்வா. தந்தையார் சேர் ரிச்சர்ட் அலுவிகாரை, இந்நாட்டவருள் முதன்முதலாகப் பொலிஸ் மா அதிபர் பதவியை வகித்தவர். கணவர் ஒஸ்மண்ட் டி சில்வாவும் பின்னர் அதே பதவியை ஏற்றார். ஆகவே ஈனா பாட்டாளி வர்க்கத்திலே தோன்றியவரல்லர். கண்டிய உயர்குடியின் செல்வமும் செல்வாக்கும் அவருக்குப் பிறப்புரிமையாய் வாய்த்தன. இதை மறைத்துப் புகழ்வது வரலாறாகாது. ஆனால் அந்த வாய்ப்பை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதையும் வரலாறு கேட்கவேண்டும்.

1960களின் தொடக்கத்தில் அவர் தம் மகன் அனில் ஜயசூரியவுடனும் ஓவியர் லக்கி சேனநாயக்கவுடனும் சேர்ந்து பற்றிக் துணிகளை உருவாக்கத் தொடங்கினார். உருகிய மெழுகால் துணியில் கோலமிட்டுச் சாயத்தில் தோய்ப்பார்கள். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. ஒவ்வொரு நிறத்துக்கும் மீண்டும் மெழுகு, மீண்டும் சாயம். இறுதியிலே கொதிநீரில் மெழுகைக் கரைத்தகற்றுவார்கள். யாவாவிலே செழித்த இக்கலையை ஈனா அப்படியே பிரதி செய்யவில்லை. கண்டிய மரபுக் கொடிகளின் உருவங்களும் வண்ணங்களும் அவருடைய துணிகளிலே புத்துயிர் பெற்றன. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அமைத்த பெந்தோட்டை கடற்கரை விடுதியின் கூரைத்தளத்தை அவருடைய பற்றிக் ஓவியம் அணிசெய்தது. 1982இல் திறக்கப்பட்ட கோட்டே பாராளுமன்றக் கட்டடத்துக்கும் அவர் கொடிகள் செய்தளித்தார்.

எனினும் அவருடைய வாழ்வின் பெருஞ்செயல் இவையல்ல என்பதே நமது கருத்து. 1980களில் அவர் கொழும்பை விட்டு அலுவிகாரைக்குத் திரும்பினார். தம் மூதாதையர் ஊரிலே பட்டறைகளை நிறுவி, கிராமத்துப் பெண்களுக்குப் பற்றிக்கும் பூவேலைத் தையலும் பயிற்றுவித்தார். தச்சுவேலையும் பித்தளை வார்ப்பும் அங்கே நடைபெற்றன. கலை கிராமத்துப் பெண்ணுக்கு ஊதியந்தரும் தொழிலாயிற்று. 2015இல் மறையும்வரை அவர் அவ்வூரை விட்டு நீங்கவில்லை.

இங்கே யப்பானை நினைத்துப் பார்ப்பது பொருத்தமாகும். போரிலே நொறுங்கிய அந்நாடு, 1950இல் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் சட்டத்தை இயற்றியது. கட்டடங்களை மட்டுமன்றிக் கைத்திறனையும் நாட்டின் செல்வமாக அச்சட்டம் கருதியது. 1955இல் அவ்வாறு சிறப்பிக்கப்பட்டவர்களுள் ஒருவர் அயானோ சிபா. மியாகி மாகாணத்து உழவர் குடும்பப் பெண்ணாகிய அவர், தாமே அவுரி பயிரிட்டு, தாமே நெய்த துணிக்குச் சாயமேற்றியவர். அவரை நாட்டுக்கு அறிமுகஞ்செய்தது அவருடைய உழைப்பே, குலமுமன்று, செல்வமுமன்று. இத்தகையோர் தம் கலையைப் பிறருக்குப் பயிற்றுவதற்கு அந்நாட்டு அரசு ஆண்டுதோறும் மானியமும் வழங்குகிறது.

நம் நாட்டில் நிலைமை யாது? ஈனாவுக்காக ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பிலே கட்டிய வீடு, நவீன இலங்கைக் கட்டடக் கலையின் திருப்புமுனை எனப் போற்றப்படுவது. அந்நிலம் கைமாறியபோது, அவ்வீட்டைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பெந்தோட்டைக்கு அருகிலுள்ள லுனுகங்கையிலே மீண்டும் எழுப்பினர். நாலந்தாவின் கற்களுக்குக் கிடைத்த அதே பரிவு அவ்வீட்டுக்கும் கிடைத்தது. நல்ல பணிதான், மகிழ்வோம். ஆயினும் அவருடைய பட்டறையில் மெழுகின் சூட்டையும் சாயத்தின் கறையையும் தாங்கிய பெண்களின் பெயர்களை எந்தச் சுவரிலே பொறித்தோம்?

கல்லுக்கு இலக்கமிட்டு வேறிடத்தில் அடுக்கலாம். கைத்திறனுக்கு அவ்வழி இல்லை. அது தாயிடமிருந்து மகளுக்கும், ஆசிரியையிடமிருந்து மாணவிக்கும் மட்டுமே செல்வது. மாணவிக்கு வயிறு நிறையாவிட்டால் அங்கேயே அறுந்துவிடுவது. ஆகையால் கலையைக் காப்போம் என்று முழங்குவோர் முதலிற் கேட்கவேண்டியவை இரண்டு: அதைச் செய்யும் பெண்ணின் கூலி என்ன? அவள் பெயர் என்ன? ஏடெழுதிய அலுவிகாரை நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.