காற்று மாறினால் கரை மாறும்

கார்த்திகை பிறந்தால் மட்டக்களப்பின் கல்லடி, நாவலடிக் கரைகளில் தோணிகளை மேட்டுக்கு இழுத்து ஏற்றிவிடுவார்கள். வாடை வீசும். மழை விடாது. வாவி நிரம்பி, முகத்துவாரத்து மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலில் பாயும். மட்டக்களப்பின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில்தான் கொட்டுகிறது. வாவிக்கு மேற்கே படுவான்கரை வயற்காரருக்கு அது பயிர் வளர்க்கும் மாரி. கிழக்கே எழுவான்கரைக் கடற்றொழிலாளிக்கு வலை பொத்துகிற காலம். வாவி இறாலும் மீனும் தந்து அடுப்பை அணையாமல் பார்த்துக்கொள்ளும். ஆனாலும் அவன் கண் கடல்மேல்தான்.

அவசரப்பட முடியாது. 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் 900க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

இதே மாதங்களில் இலங்கைத் தீவின் மறுபக்கத்தில் நீர்கொழும்பு, சிலாபம் கடல் அமைதியாகக் கிடக்கும். சித்திரை, வைகாசியில் நிலைமை தலைகீழாகும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கடலைப் புரட்டியெடுக்க, கிழக்குக் கடல் குளம்போல் அடங்கும். இந்தக் கணக்கு மேற்குக்கரை மீனவருக்கு மனப்பாடம். பெண்டு பிள்ளைகளோடும் வலை, தட்டுமுட்டுச் சாமான்களோடும் கல்குடா, திருகோணமலை, கொக்கிளாய், முல்லைத்தீவு என்று கிழக்கே வந்து வாடி போட்டார்கள்.

வாடி என்றால் நாலு கம்பு, மேலே கிடுகு. உள்ளே வலைக்குவியல், உப்பு மூட்டை, கொறக்காய் போட்டு மீனை ஊறவைக்கும் பீப்பாய்கள். விடியலில் கரைவலையின் இரண்டு கயிற்றையும் இருபுறம் நின்று இழுப்பார்கள். கை ஓயாமலிருக்க ஒருவர் அம்பாப் பாட்டு எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள். விற்றது போக மிஞ்சிய மீன் வாடிக்கு முன்னால் கருவாடாகக் காயும். புரட்டாசி போனதும் கம்பைப் பிடுங்கிக்கொண்டு ஊர் திரும்புவார்கள்.

நல்ல காலநிலைக்கு ஏங்குவது எல்லா நாட்டிலும் உண்டு. பனி மூடிய மைதானத்தைப் பார்த்துச் சலித்த வட ஐரோப்பிய கோல்ஃப் ஆட்டக்காரர்கள் ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் விமானம் ஏறுகிறார்கள்.

அப்படித் தேடி வருகிறவர்களுக்கு இங்கும் வழி பிறந்தது. மட்டக்களப்புக்கு 1928இல் ரயில் வந்தது. 1966இல் சுற்றுலாச் சபை உருவான பிறகு, நெடுந்தூரம் முழங்கால் ஆழத்திலேயே நடந்து போகக்கூடிய பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழுந்தன. ஆனால் ஐரோப்பியர் குளிருக்குப் பயந்து ஓடிவரும் மார்கழி, தையில் இங்கே அடைமழை! அவர்கள் பெந்தோட்டைக்கும் ஹிக்கடுவைக்கும் போய்விட, கோடை விடுமுறைக்கு வந்தவர்களே பாசிக்குடாவின் விருந்தாளிகள். வாடிக்காரர் தலைமுறை தலைமுறையாகப் பின்பற்றிய அதே நாட்காட்டிக்குத்தான் ஹோட்டல்காரரும் வந்து சேர்ந்தார்கள்.

1983க்குப் பின் போர் இந்தப் போக்குவரத்தை அறுத்தது. ஹோட்டல்கள் இடிந்து கிடந்தன. மிஞ்சியதை 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அடித்துச் சென்றது. நாவலடியில் அது குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுபோனது. 2009இல் போர் முடிந்த பிறகு பாசிக்குடாவில் புதிய ஹோட்டல்கள் வரிசையாக வந்தன.

வடகிழக்குக் கரைக்கு வாடிக்காரரும் திரும்பினார்கள். ஆனால் பழைய உறவு திரும்பவில்லை. கொக்கிளாயிலும் நாயாற்றிலும் தகராறு மூண்டது. இடம்பெயர்ந்தோர் முகாம்களிலிருந்து வெறுங்கையோடு மீண்ட உள்ளூர் மீனவர், தாங்கள் வலை இழுத்த இடத்தில் பெரிய இயந்திரப் படகுகளோடு வேறொருவர் நிற்பதைக் கண்டார்கள். பருவத்துக்கு வருகிறவரை வரவேண்டாம் என்பது அந்தக் கடலின் பழக்கமே அல்ல. ஆனால் படகும் வலையும் இழந்த கரைக்காரருக்கு முதல் இடம் ஒதுக்கிய பிறகே வெளியாருக்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அந்த வரிசையை அதிகாரிகள் தொடக்கத்திலேயே தவறவிட்டார்கள்.