ஊதுகுழலும் ஈப்போ மரமும்



ஈப்போ நகரைத் தெரியாதவர்கள் நம்மில் யாரும் இருக்கமாட்டார்கள். ஆனால் அந்த ஊருக்குப் பெயர் கொடுத்தது ஒரு மரம் என்பது பலருக்குத் தெரியாது. அந்த மரத்தின் பால் கொடிய நஞ்சு. அந்த நஞ்சு தோய்ந்த அம்பை வாயால் ஊதி எறிந்து வேட்டையாடிய மக்கள், நம் தோட்டங்களுக்குப் பின்னாலுள்ள மலைகளில்தான் வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். அவர்களுடைய ஊதுகுழலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நான் பிறந்தது பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். 1980களில், நான் சிறுவனாக இருந்தபோது, ஆண்டுக்கு இரண்டொரு முறை மலையிலிருந்து ஒரு பெரியவர் எங்கள் தோட்டக் கடைக்கு வருவார். முதுகில் பிரம்புக் கூடை, கூடையில் பெத்தாய்க் காய், தோளில் ஆள் உயரத்தையும் மிஞ்சிய மூங்கில் குழல். நாங்கள் "சக்காய், சக்காய்" என்று கத்திவிட்டு லயத்துக்குள் ஓடி ஒளிந்துகொள்வோம். ஒருநாள் என் தாத்தா என்னைப் பிடித்துக் காதைத் திருகினார். "டேய், ஒன்னைய ஒருத்தன் கூலிப்பயலேன்னு கூப்பிட்டா ஒனக்கு இனிக்குமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. 'சக்காய்' என்ற சொல்லுக்கு அடிமை, பிறரை அண்டிப் பிழைப்பவன் என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் காட்டு மக்களைப் பிடித்து அடிமைகளாக விற்ற கூட்டங்கள் இந்த நாட்டில் இருந்தன. அந்தக் காலத்தின் அழுக்கு ஒட்டிய சொல் அது. 1960களில் அரசாங்கம் அதை விலக்கி, 'ஆதி மக்கள்' என்று பொருள்படும் ஓராங் அஸ்லி என்ற பெயரை ஏற்றது. செமாய், தெமியார், ஜஹாய், தெமுவான், ஜக்குன் என்று அவர்களுக்குள்ளேயே 18 பிரிவுகள் உண்டு.

இனி ஊதுகுழலுக்கு வருவோம். மூங்கிலை வெட்டிக் கணுவைத் துளைத்துவிட்டால் குழல் ஆகிவிடும் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். ஆசிரியர் பயிற்சி முடிந்து, தாப்பா பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கேமரன் மலைச் சாலையோரத்தில் வண்ணம் பூசிய ஒரு குழலை வாங்கினேன். எப்படி ஊதினாலும் அம்பு பத்தடி தாண்டவில்லை. பக்கத்துச் செமாய்க் கிராமத்துப் பெரியவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழலுக்குள் பார்த்தார், பார்த்துவிட்டுச் சிரித்தார். உள்ளே கணு இருந்த இடத்தில் ஒரு விளிம்பு மிச்சமிருந்தது. அதில் அம்பு உரசினால் வேகமும் போச்சு, குறியும் போச்சு. இது சுவரில் மாட்டுவதற்குச் செய்தது என்றார்.

உண்மையான குழலுக்குக் கணுவே இருக்கக்கூடாது. ஆறடிக்கும் மேல் நீளமான குழலுக்குக் கணுவில்லாத மூங்கில் எங்கே கிடைக்கும்? தீபகற்பத்தின் உயர்ந்த மலைகளில் மட்டும் ஒரு வகை மூங்கில் வளர்கிறது. ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடையே ஆறடிக்கு மேலும் போகும். 1883-ல் தைப்பிங்கில் தொடங்கப்பட்ட பேராக் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த லியோனார்ட் ரே என்பவரின் பெயரைத்தான் தாவர நூலார் அந்த மூங்கிலுக்குச் சூட்டினார்கள். ஆனால் அந்த மூங்கில் எந்த முகட்டில் நிற்கிறது, எந்தப் பருவத்தில் வெட்டலாம் என்பதை அவருக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே அறிந்தவர்கள் மலைமக்கள். அது எட்டாத தூரத்தில் இருந்தவர்கள் இரண்டு துண்டுகளை இணைத்துக் குழல் செய்தார்கள். இணைப்பில் மயிரிழை பிசகினாலும் பயனில்லை.

வெட்டிய மூங்கிலை அடுப்புக்கு மேலே பரணில் வைத்துப் புகையில் உலர்த்துவார்கள். கோணல் இருக்கும் இடத்தை நெருப்பில் காட்டி, சூடு ஆறுமுன் கையால் அழுத்தி நிமிர்த்துவார்கள். பெரியவர் அதைச் செய்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். ஒரே கோணலுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. நீண்ட பிரம்பை உள்ளே விட்டுத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். துளையின் அகலம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான். இந்த மெல்லிய குழலைச் சற்றுப் பெரிய இன்னொரு குழலுக்குள் நுழைத்துவிடுவார்கள். வெளிக்குழல் உறை, உள்குழல் வளையாமலும் அடிபடாமலும் அது காக்கும். கத்தி முனையால் கோலம் போடுவதும் அந்த வெளிக்குழலில்தான். ஊதும் முனையில் மரத்தால் கடைந்த வாய்ப்பிடியைப் பொருத்தி, டாமர்ப் பிசின் வைத்து இறுக்குவார்கள்.

சரவாக்கில் முறை வேறு. அங்கே கெட்டியான மரக்கட்டையை நேராக நிறுத்தி, இரும்புக் கம்பியால் மேலிருந்து கீழாகத் துளையிட்டுக் குழல் செய்வார்கள். நுனியில் ஈட்டி முனை கட்டுவதும் உண்டு. அது தனிக்கதை.

அம்பு என்றவுடன் வில்லம்பை நினைக்காதீர்கள். நம் வீட்டு விளக்குமாற்று ஈர்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். பெர்த்தாம், லங்காப் போன்ற பனையின மரங்களின் மட்டையைச் சீவி, ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் ஊசிபோல் ஆக்குவார்கள். அடிப்பக்கத்தில் நெட்டி போன்ற மெல்லிய சோற்றைக் கூம்பு வடிவில் செதுக்கிச் செருகுவார்கள். குழலின் துளையை அடைத்துக்கொண்டு நிற்பது அந்தக் கூம்புதான். அதற்குப் பின்னால், பனையின மட்டைகளின் அடியில் கிடைக்கும் பஞ்சைக் கொஞ்சம் திணிப்பார்கள், மூச்சு ஒழுகாமலிருக்க. நம் பிள்ளைகள் பப்பாளிக் காம்பில் பச்சைப்பயறு வைத்து ஊதுகிறார்களே, அதே காற்றுக் கணக்கு. ஆனால் ஊதுவது கன்னத்தால் அல்ல, அடிவயிற்றால்.

அம்பின் நுனிக்குச் சற்றுக் கீழே சுற்றிலும் ஒரு கீறல் போட்டுவைப்பார்கள். அடிபட்ட குரங்கு கையால் அம்பைப் பிடுங்கும் அல்லவா? அப்போது கீறல் உள்ள இடத்தில் அம்பு ஒடிந்து, நஞ்சு தோய்ந்த நுனி உடம்புக்குள்ளேயே தங்கிவிடும். குரங்கின் குணம் தெரிந்தவன்தான் இதைக் கண்டுபிடித்திருக்க முடியும்.

நஞ்சு ஈப்போ மரத்தின் பால். இந்த மரம் நம் பலா மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது என்றால் நம்புவீர்களா? பட்டையில் மீன்முள் போலச் சாய்வாக வெட்டு வெட்டி, வடியும் பாலை மூங்கில் குழாயில் பிடிப்பார்கள். அதை அனலில் காட்டினால் இறுகிக் கறுத்துவிடும். அதைத்தான் அம்பின் நுனியில் பூசுவார்கள். அது இரத்தத்தில் கலந்தால் இதயத்தை நிறுத்திவிடும். ஆனால் காயத்தைச் சுற்றியுள்ள சதையை வெட்டியெறிந்துவிட்டு, மீதியைச் சமைத்துச் சாப்பிட்டால் கெடுதி இல்லை.

இந்தக் குழலை ஐரோப்பியர் அறிந்தது மலாக்காவில். 1511-ல் அல்புகெர்க் மலாக்காவைத் தாக்கியபோது, குழலால் ஊதி எறிந்த நச்சம்புகளால் தம் வீரர்கள் காயம்பட்டு மாண்டதைப் போர்த்துகீசியர் எழுதிவைத்தார்கள். பயம் கதைகளை வளர்த்தது. ஜாவாவில் உள்ள இந்த மரத்தைச் சுற்றிப் பல மைல் தூரத்துக்கு எந்த உயிரும் பிழைக்காது என்று 1783-ல் லண்டன் பத்திரிகை ஒன்று கதை கட்டியது. படித்தவர்களும் அதை நம்பினார்கள். ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே அந்த மரத்தடியில் எத்தனை பேர் புகைப்படம் எடுத்திருக்கிறார்கள்!

தமிழ்நாட்டுக்கும் இந்தக் குழல் போயிருக்கிறது. தென்பகுதியில் பறவை அடிக்கப் பயன்பட்ட ஊதுகுழலைச் 'சுங்குத்தான்' என்றார்கள். மலாய்ச் சொல்லான 'சும்பித்தான்'தான் அப்படித் திரிந்தது என்று, சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1924-ல் எழுதினார். கப்பலேறிப் போனவர்களோடு சொல்லும் பொருளும் சேர்ந்து போயிருக்கின்றன.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் நம் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள்; அரிசியை அளந்து கொடுத்தார்கள். இதை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சொல்லக் கேட்கிறோம். அதே காலத்தில் மலைமக்களையும் காட்டிலிருந்து இறக்கி, வெயில் கொளுத்தும் முகாம்களில் அடைத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் நோயாலும் ஏக்கத்தாலும் இறந்துபோனார்கள். பிறகு 1956-ல் அவர்களையே சேர்த்துச் 'செனோய் பிராக்' என்ற படையை அமைத்தார்கள். காட்டில் தடம் பார்ப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை என்பது அரசாங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

எங்கள் தோட்டத்துக்கு வந்துபோன அந்தப் பெரியவர் கதையை முடிக்கவேண்டும். அவர் வந்தது பெத்தாய் விற்க மட்டும் அல்ல. தோட்டத்தின் ஆற்றோரத்தில் ஒரு ஈப்போ மரம் நின்றது. அதை 'வெசமரம்' என்போம். காடு அழித்துத் தோட்டம் போட்ட காலத்தில், பால் தெறித்துவிடும் என்று பயந்து ஆட்கள் அதை வெட்டாமல் விட்டுவிட்டார்களாம். சுற்றிலும் ரப்பர் வந்த பிறகும், அவருடைய அப்பாவும் பிறகு அவரும் மலையிலிருந்து நடந்துவந்து அந்த மரத்தில் பாலெடுத்துப் போவார்கள். தாத்தா ஒருமுறை கூடவே போய்ப் பார்த்திருக்கிறார். "அவன் வெட்டுற சாய்வு நம்ம கோட்டுச் சாய்வு மாதிரியே இருந்துச்சுடா. பட்டைக்கு அடியில மரத்தத் தொடல. ஆழமா வெட்டுனா மரம் பட்டுப்போயிரும்னு அவனுக்கும் தெரியும்" என்பார். நாற்பது வருஷம் பால் வெட்டியவர் சொன்னது அது. இன்னொரு வெட்டுக்காரனை அவர் அப்படிப் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

1990களில் எங்கள் தோட்டத்தைச் செம்பனைக்கு மாற்றினார்கள். இயந்திரங்கள் வந்தன. ரப்பர் மரங்களோடு ஆற்றோரத்து மரமும் ஒரே நாளில் சாய்ந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. எங்களுக்கும் அது பெரிதாகத் தோன்றவில்லை. எங்கள் லயங்களே அடுத்து என்ன ஆகும் என்ற கவலை எங்களுக்கு.

சில மாதம் கழித்துப் பெரியவர் வந்தார். தாத்தாதான் அவரை ஆற்றோரத்துக்கு அழைத்துப்போனார். நானும் பின்னால் போனேன். அடிமரம் மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. அதன் பட்டையில் பழைய வெட்டுத் தழும்புகள் கீழிருந்து மேலே வரிசையாக இருந்தன. பெரியவர் உட்கார்ந்து அவற்றைத் தடவிப் பார்த்தார். அடியில் இருந்த வரிசையைக் காட்டி, இது என் அப்பா வெட்டியது என்று மலாயில் சொன்னார். பிறகு கடைக்கு வந்து உப்பும் புகையிலையும் வாங்கிக்கொண்டு மலைப் பக்கம் நடந்தார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.