படிகாரமும் மிருதார்சிங்கியும் - வியர்வை நாற்றத்தோடு மனிதன் நடத்திய போர்

சலூனில் சவரம் முடிந்ததும் ஈரக் கன்னத்தில் ஒரு வெள்ளைக் கல்லைத் தேய்ப்பார்கள். லேசாக எரியும், தோல் இறுகும், கீறல் இருந்தால் ரத்தம் நிற்கும். அதே கல்லைக் கலங்கிய தண்ணீரில் கலக்கினால் அழுக்கு அடியில் தங்கும். கறுப்புக் கயிற்றில் கட்டி கடை வாசலில் தொங்கவிட்டால் திருஷ்டி படாது என்பது நம்பிக்கை. அதுதான் படிகாரம்.

இதே கல்லை வழவழப்பாக்கி, பிளாஸ்டிக் மூடி போட்டு, "இயற்கையான டியோடரண்ட்" என்று மேல்நாடுகளில் விற்கிறார்கள். 1980களில் அமெரிக்கக் கடைகளுக்கு இப்படி வந்த "கிரிஸ்டல்" வேறொன்றும் இல்லை, நம்மூர் படிகாரம்தான்!

ரசாயனம் வேண்டாம், வீட்டில் இருப்பதே போதும் என்று நினைப்பவர்கள் இன்று அதிகம். படிகாரம், ஆப்ப சோடா, எலுமிச்சை என்று பட்டியல் நீளும். ஆனால் இந்தக் கைவைத்தியங்களின் வரலாற்றைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். இயற்கை, ரசாயனம் என்ற கோடு அத்தனை நேராகப் போடக்கூடியது அல்ல.

அக்குளில் ஓர் ஆடு

பழைய எகிப்தில், ஏறக்குறைய கி.மு. 1550ல் எழுதப்பட்ட ஈபர்ஸ் பாப்பிரஸ் என்ற மருத்துவச் சுவடியிலேயே உடல் நாற்றத்துக்கு மருந்துகள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆக, இது ஆதிகாலப் பிரச்சினை.

ரோமானியர்கள் இதைக் கிண்டலாகவே பேசினார்கள். அக்குள் நாறும் ஆளைப் பார்த்தால் 'அவன் கைக்கடியில் ஆடு குடியிருக்கிறது' என்ற பொருளில் கேலி செய்வது அவர்கள் வழக்கம். கவிஞர் கட்டுல்லஸ் தன் கவிதையிலேயே ஒருவரை இப்படி வாரியிருக்கிறார்.

இந்த ஆட்டை விரட்ட என்ன செய்தார்கள்? கி.பி. 79ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன பிளினி என்ற அறிஞர், தன் 'இயற்கை வரலாறு' நூலில் 'அலுமென்' என்ற கனிமத்தைப் பற்றி எழுதும்போது, அது வியர்வையையும் அக்குள் நாற்றத்தையும் அடக்கும் என்று குறிப்பிடுகிறார். அலுமென் என்பது படிகார வகை. துணிக்குச் சாயம் ஏற்றவும் தோல் பதனிடவும் அது பெரிய அளவில் தேவைப்பட்டதால் சந்தையில் எளிதாகக் கிடைத்தது. அலுமினியம் என்ற உலோகத்துக்குப் பெயர் வந்ததும் இந்தச் சொல்லில் இருந்துதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

பிலிப்பைன்ஸில் படிகாரத்துக்கு 'தவாஸ்' என்று பெயர். அங்கே அதைப் பொடியாக்கி அக்குளில் பூசுவது பல தலைமுறை வழக்கம். நாட்டு வைத்தியர்கள் தவாஸை நெருப்பில் காட்டி, அது எடுக்கும் உருவத்தை வைத்து நோய்க்குக் காரணம் சொல்வதும் உண்டு. திருஷ்டிக்குக் கட்டும் நம்மவர்களுக்கு இது ஒன்றும் புதிதாகத் தெரியாது. தாய்லாந்திலும் படிகாரம் அக்குளுக்குப் பயன்படுகிறது.

கொர்டோபாவின் பாடகர்

படிகாரத்துக்குப் போட்டியாக இன்னொரு பொருளும் வந்தது. கி.பி. 822ல் பாக்தாத் பக்கமிருந்து ஸ்பெயினின் கொர்டோபா நகருக்கு சிர்யாப் என்ற இசைக்கலைஞர் போய்ச் சேர்ந்தார். இரண்டாம் அப்துர் ரஹ்மானின் அரசவையில் அவருக்கு ஏகப்பட்ட மரியாதை. அவர் பாட்டு மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. முடி வெட்டும் விதம், உடுத்தும் விதம், விருந்தில் பரிமாறும் வரிசை என்று பல பழக்கங்களுக்குப் பிற்கால அரபு வரலாற்றாசிரியர்கள் அவரையே காரணமாகச் சொல்கிறார்கள். அந்தப் பட்டியலில் அக்குள் நாற்றத்துக்கு 'மர்தக்' பூசுவதும் ஒன்று.

மர்தக் என்பது ஈயத்தின் ஆக்சைடு. வெள்ளியைப் புடம்போட்டுச் சுத்தம் செய்யும்போது கிடைக்கும் மஞ்சள் நிறப் பொருள். நம் சித்த மருத்துவத்தில் இதன் பெயர் மிருதார்சிங்கி. பாரசீகச் சொல்லில் இருந்து வந்த பெயர் அது.

ஆக, பல நூற்றாண்டுகளாக மக்கள் கையில் இரண்டு பொடிகள் இருந்தன. ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள். இரண்டுமே கனிமம், இரண்டுமே நாட்டு வைத்தியம், இரண்டுமே "பாட்டி காலத்து" சமாச்சாரம். ஒன்று கிட்டத்தட்ட சாது. மற்றொன்று விஷம்.

எட்னா மர்ஃபியின் சிவப்புத் திரவம்

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1888ல் 'மம்' என்ற களிம்பு விற்பனைக்கு வந்தது. துத்தநாகம் கலந்த மெழுகு போன்ற அதை விரலால் எடுத்துப் பூச வேண்டும். முத்திரைப் பெயரோடு விற்கப்பட்ட முதல் டியோடரண்ட் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

அப்போது பெரும்பாலான பெண்கள் செய்துகொண்டிருந்தது வேறு. அடிக்கடி கழுவுவது, வாசனைத் தைலம் பூசுவது, ரவிக்கையின் அக்குளில் பஞ்சு அல்லது ரப்பர் பட்டை வைத்துத் தைப்பது.

சின்சினாட்டி நகரில் ஓர் அறுவை சிகிச்சை டாக்டர், ஆபரேஷன் நேரத்தில் தன் கைகள் வியர்க்காமல் இருக்க ஒரு திரவம் தயாரித்து வைத்திருந்தார். பள்ளி மாணவியான அவர் மகள் எட்னா மர்ஃபி அதை அக்குளில் பூசிப் பார்த்தாள், வேலை செய்தது! அதற்கு 'ஓடோரோனோ' என்று பெயர் வைத்து விற்கத் தொடங்கினாள். 1912ல் அட்லாண்டிக் சிட்டி பொருட்காட்சியில் முதலில் யாரும் சீண்டவில்லை. கோடை வெயில் ஏற ஏற விற்பனையும் ஏறியது.

அதில் இருந்தது அலுமினியம் குளோரைடு. சிவப்பு நிறம், அமிலத்தன்மை. தோல் எரியும், துணி பாழாகும். இருந்தும் ஜெயித்தது எப்படி? விளம்பரத்தால். ஜேம்ஸ் வெப் யங் என்பவர் 1919ல் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' பத்திரிகையில் எழுதிய விளம்பரம், "உன் நாற்றம் உனக்குத் தெரியாது, முதுகுக்குப் பின்னால் மற்றவர்கள் பேசிக்கொள்வார்கள்" என்ற பயத்தைப் பெண்கள் மனதில் விதைத்தது. கோபம் கொண்டு சுமார் 200 வாசகர்கள் சந்தாவை நிறுத்தினார்கள். ஆனால் 1920ல் விற்பனை 112 சதவீதம் கூடி 4,17,000 டாலரைத் தொட்டது. வெட்கம் நல்ல வியாபாரம் என்பது அன்றைக்கே நிரூபணமாகிவிட்டது.

நாற்றம் எங்கிருந்து வருகிறது?

வியர்வைக்கு வாடை இல்லை. அக்குளில் உள்ள ஒருவகைச் சுரப்பி கொழுப்பும் புரதமும் கலந்த திரவத்தைச் சுரக்கிறது. தோலில் வாழும் பாக்டீரியா அதைத் தின்று உடைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. இதை அமெரிக்கத் தோல் மருத்துவர் வால்டர் ஷெல்லி குழுவினர் 1953ல் பரிசோதனை செய்து காட்டினார்கள்.

படிகாரம் ஏன் பலித்தது என்பது இப்போது விளங்கும். அது அமிலத்தன்மை கொண்டது, தோலை இறுக்குவது. அந்தச் சூழலில் பாக்டீரியா எளிதில் பெருகாது. எலுமிச்சைச் சாறும் அமிலம்தான், ஆனால் அதைப் பூசிய தோலில் வெயில் பட்டால் புண்ணாகிக் கறுத்துவிடலாம். ஆப்ப சோடா நேர் எதிர், அது காரம். நாற்றத்தைக் குறைக்கும், ஆனால் தோலின் இயல்பான அமிலத்தன்மையோடு மோதுவதால் பலருக்குச் சிவந்து தடித்து அரிக்கும்.

ரோட் ஐலண்டில் மஞ்சள் பொடி

மிருதார்சிங்கி என்ன ஆனது? அது மறையவில்லை. கரீபியன் தீவு நாடான டொமினிகன் குடியரசில் 'லித்தர்ஹிரியோ' என்ற பெயரில் சின்னப் பொட்டலங்களில் விற்கப்பட்டது. அக்குளுக்கு, கால் சேற்றுப்புண்ணுக்கு, தீக்காயத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் அதே பொடி. அங்கிருந்து குடியேறியவர்களோடு அமெரிக்காவுக்கும் வந்தது.

ரோட் ஐலண்ட் மாநிலத்தில் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருப்பது தெரிந்து காரணம் தேடியபோது, வீட்டில் பயன்படுத்திய இந்தப் பொடி அகப்பட்டது. 2003ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைத் தொடவே வேண்டாம் என்று எச்சரித்தது. பொடியில் ஈயம் 79 சதவீதம் வரை இருந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு பாதுகாப்பான அளவே கிடையாது. பிள்ளை மேல் அக்கறை கொண்டு பூசிய பொடி, அந்தப் பிள்ளையின் ரத்தத்திலேயே விஷத்தைச் சேர்த்துவிட்டது.

பயத்தின் இன்னொரு முகம்

1999 வாக்கில் ஒரு மின்னஞ்சல் உலகைச் சுற்றியது. வியர்வையை அடக்கும் பூச்சுகளால் மார்பகப் புற்றுநோய் வரும் என்றது. சியாட்டிலில் புற்றுநோய் வந்த 813 பெண்களையும் வராத 793 பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2002ல் வெளியானது. இரண்டுக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனாலும் அலுமினியத்துக்குப் பயந்து பலர் படிகாரக் கல்லுக்கு மாறினார்கள். படிகாரம் என்பது பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த உப்பு! பேய்க்குப் பயந்து அதன் வீட்டிலேயே போய் ஒளிந்த கதை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஏபிசிசி11 என்ற மரபணு ஒரு குறிப்பிட்ட வடிவில் இருப்பவர்களுக்கு அக்குள் நாற்றம் ஏறக்குறைய இல்லை. கிழக்காசியாவில் இவர்கள் ஏராளம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 6,495 பெண்களை ஆராய்ந்து 2013ல் வெளியிட்ட முடிவின்படி, அவர்களில் சுமார் 2 சதவீதம் பேர் இந்த வகை. அந்த 2 சதவீதத்திலும் முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் டியோடரண்ட் பூசிக்கொண்டுதான் இருந்தார்கள். இல்லாத ஆட்டை விரட்ட மருந்து!

படிகாரக் கல்லைத் தேய்ப்பதில் தவறில்லை. இரண்டாயிரம் வருடம் தாக்குப்பிடித்த கல் அது. ஆனால் "பழங்காலத்தது", "இயற்கையானது" என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் ஒரு பொருளுக்கு நற்சான்றிதழ் ஆகிவிடாது. மிருதார்சிங்கியும் பழங்காலத்ததுதான், பூமியில் இருந்து வந்ததுதான். பொட்டலத்தின் மேல் இயற்கை என்று எழுதியிருக்கிறதா என்பதைவிட, உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்விதான் முக்கியம்.