கொத்மலைத் தோட்டங்களிற் சிறுவர்க்கமைந்த இடம்

கொத்மலைப் பள்ளத்தாக்கிலும் இறம்பொடைச் சரிவுகளிலும் பரந்துள்ள தேயிலைத் தோட்டங்களின் கட்டடங்களை நோக்குவார்க்கு ஓர் உண்மை எளிதிற் புலனாகும். அவை பெரும்பாலும் தொழிலின் பொருட்டு எழுந்தவை. கொழுந்து நிறுக்க மடுவம், வாட்டி அரைக்கத் தொழிற்சாலை, ஆட்கணக்கெடுக்கப் பிரட்டுக்களம், உழைத்தவர் உறங்க லயன். பள்ளி விட்டபின் பிள்ளை எங்கே தங்குவது என்னும் வினாவுக்கு இவற்றுள் எதுவும் விடையன்று.

கோப்பிக் காலத்தில், பருவத்துக்கு வந்து மீளும் ஆடவர்க்கெனவே லயன்கள் கட்டப்பட்டன. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலைப் பயிரோ ஆண்டு முழுதும் ஆள் வேண்டுவது. குடும்பங்கள் நிலைத்தன, கூடங்கள் மாறவில்லை. காம்பரா 10 அடிக்கு 12 அடி. அதன்முன் ஒடுங்கிய இஸ்தோப்பு. காம்பரா என்ற சொல் போர்த்துக்கேயர் வழி வந்தது, இஸ்தோப்பு ஒல்லாந்தர் வழி வந்தது. கட்டுவித்தவர் ஆங்கிலேயர், குடியிருந்தவர் தமிழர். அடுப்பும் விறகும் போக எஞ்சிய இஸ்தோப்பிலேதான், எழுத்தறிந்த தொழிலாளி ஒருவர் வேலை முடிந்தபின் பிள்ளைகளைக் கூட்டி அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார். மலைநாட்டின் முதல் மாலைக் கூடம் அதுவே எனலாம்.

சட்டம் பிந்தியே வந்தது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டத்தில் வகுப்பறை அமைக்கும் கடமையைத் துரைமார்மேற் சுமத்தியது. 1920ஆம் ஆண்டுச் சட்டம், பத்து வயதுக்குட்பட்டோரைக் காலை 10 மணிக்கு முன் வேலைக்கமர்த்தலாகாது என்றது. இவ்விதியின் உட்பொருள் கவனிக்கத்தக்கது. பள்ளிக்குப் பிந்திய பொழுது அன்று விளையாட்டுக்குரியதன்று, கூலிக்குரியது. 1947இல் இயற்றிய சட்டந்தான் வகுப்பறையோடு தோட்டத்துக்கும் விளையாட்டுக்குமாக ஓர் ஏக்கர் நிலத்தையும் வேண்டிற்று. அதே ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில், ஆல்டோ வான் எய்க் என்னும் கட்டடக் கலைஞர் தம் முதற் சிறுவர் விளையாட்டிடத்தை அமைத்தார். அவர்க்கு நகரச் சதுக்கம் இருந்தது. மலைச்சரிவிலோ ஓர் ஏக்கர் சமநிலம் எளிதிற் கிட்டுவதன்று.

கைக்குழந்தைகட்குப் பிள்ளைக்காம்பரா உண்டு. புடைவைத் தொட்டில்கள் தொங்கிய இருண்ட கூடமாயிருந்த அது, பிற்காலத்திற் சிறுவர் அபிவிருத்தி நிலையமாக ஒளியும் காற்றும் பெற்றது. ஆயின் அதன் வாயில் ஐந்து வயதோடு அடைபடுகின்றது. பள்ளி பிற்பகல் 1.30க்கு முடிகின்றது, மலையில் நிற்கும் தாய் திரும்புவது நாலரை மணியளவில். இம்மூன்று மணி நேரத்திற்கே இடமில்லை. மூத்த பெண்பிள்ளை இளையோரைப் பார்க்கின்றாள். அவளுடைய பாடம் தவறுகின்றது. 1977 தொடக்கம் தோட்டப் பள்ளிகளை அரசு ஏற்றதும், பின்னர் சுவீடன் நாட்டுதவியாற் புதிய கட்டடங்கள் எழுந்ததும் பெரும்பேறே. அவையும் பள்ளி நேரத்துக்கே உரியவை.

கோயில் முன்றிலும் காமன் கூத்தாடும் வெளியும் வெயிற்காலத்தில் இக்குறையை ஒருவாறு தீர்க்கின்றன. தென்மேற்குப் பருவமழை இறங்கினால் அவையும் உதவா. ஆதலின் வேண்டுவது பெரிய மண்டபமன்று. பிள்ளைக்காம்பராவின் கூரையை, மழைக்காற்று மோதாத பக்கமாக எட்டடி நீட்டி, சிறுவர் தலை தெரியும் உயரத்தில் அரைச்சுவர் எழுப்பி, எழுதுதற்கு ஒரு நீள்பலகையும் ஈரம் உலர்த்த ஓர் அடுப்பும் வைத்தாற் போதும். கூடையோடு இறங்கும் தாய், நிறுவைக்குச் செல்லும் வழியிலேயே தன் பிள்ளையைக் காணும்படி அது பாதையை நோக்கியிருத்தல் வேண்டும்.