துருப்பிடித்த இழைப்புளிக்கு ஆயிரம் டாலரா? விலையை முடிவு செய்வது எது?

பழைய தச்சுக் கருவி என்றாலே நல்ல விலை போகும் என்று நினைச்சுடாதீங்க. அமெரிக்காவின் ஸ்டான்லி இழைப்புளிகளையே எடுத்துக்கொள்வோம். 14 அங்குல நீளமுள்ள 5ஆம் எண் இழைப்புளி, நூறு வருஷப் பழசாக இருந்தாலும் சில பத்து டாலருக்கே கிடைக்கும். அந்த அளவுக்குச் செய்து குவித்துவிட்டார்கள். ஆனால் ஐந்தரை அங்குலமே உள்ள 1ஆம் எண், ஆயிரம் டாலரைத் தாண்டும். இத்தனைக்கும் அது கைக்குள் சரியாக அடங்காது, மரம் இழைப்பதே சிரமம். அன்று குறைவாக விற்றதால்தான் இன்று இந்தக் கிராக்கி. போலிகளும் சுற்றுகின்றன, உஷார்.

வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? பிளேடு உட்காரும் மேடைக்குப் பின்னால் பாருங்க. 1902இல் இரண்டு, 1910இல் ஒன்று என மூன்று காப்புரிமைத் தேதிகள் வார்ப்பில் இருந்தால், அது ஏறக்குறைய 1910-18 காலத்துச் சரக்கு. பிளேடில் இதய வடிவ முத்திரை இருந்தால், அந்த பிளேடு 1920க்குப் பிந்தையது. நிறுவனத் தலைவராக இருந்த வில்லியம் ஹார்ட்டின் பெயரை வைத்து வந்த இதயம் அது! ஆனால் பிளேடை மட்டும் நம்பக்கூடாது. தேய்ந்ததும் மாற்றுகிற பாகம் அதுதான்.

விரிசல், உடைந்த கைப்பிடி, வேறு காலத்துப் பாகம் என எது இருந்தாலும் விலை சரியும். எல்லாவற்றையும் விடப் பெரிய தப்பு, பளபளன்னு தேய்ப்பது. துருவோடு சேர்ந்து பழைய கருப்புப் பூச்சும் போய்விடும். வேலைக்கு வாங்குபவர் தாராளமாகத் தேய்க்கலாம். சேகரிப்பாளரிடம் விற்க நினைப்பவர் தூசியைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.