பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புப் பயிற்சி

இந்தியாவில் வேலை அளிப்போர் சட்டப்படி நடத்தவேண்டிய பயிற்சி. ராஜஸ்தானில் தன் பணியின் பகுதியாகக் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற பன்வாரி தேவிக்கு 1992இல் இழைக்கப்பட்ட பாலியல் வன்கொடுமையை அடுத்துத் தொடரப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 1997இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் விசாகா நெறிமுறைகளை வகுத்தது. அவற்றைத் தொடர்ந்து வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, ஊழியர்களுக்கு உரிய இடைவெளிகளில் பயிலரங்குகளும், புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவின் உறுப்பினர்களுக்குத் தனிப் பயிற்சியும் நடத்தச் சொல்கிறது.

கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைப்பதோடு பல நிறுவனங்கள் நின்றுவிடுகின்றன. அது பயிற்சி ஆகாது. இரவுப் பணி முடிந்து நிறுவன வண்டியில் திரும்பும் பெண்ணிடம் ஓட்டுநர் அத்துமீறினால் என்ன செய்வது? அந்த வண்டியும் சட்டப்படி பணியிடமே. இத்தகைய நிகழ்வுகளை ஊழியர்களின் தாய்மொழியிலேயே பேசவேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர் எவரையும் விட்டுவிடக் கூடாது. சட்டம் அவர்களுக்கும் உரியது. புகாருக்குப் பொதுவாக 3 மாதக் கெடு, 90 நாளில் விசாரணை, பெயர் வெளியிடாமை ஆகியவை குழுவினருக்கு மனப்பாடமாக இருக்கவேண்டும்.

சட்டத்தை மீறும் வேலை அளிப்பவருக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மீண்டும் மீறினால் இருமடங்கு தண்டனையோடு தொழில் உரிமமும் ரத்தாகலாம்.