முஸ்தாங்: தனிமை உருவான வரலாறு

நேபாளத்தின் வடக்கே, காளி கண்டகி ஆற்றின் மேற்பள்ளத்தாக்கில் அமைந்த முஸ்தாங்கை உலகிலிருந்து விலகி நின்ற மலைநாடு எனப் பயண நூலார் வருணிப்பர். எனினும், இத்தனிமை இயற்கை தந்ததா, வரலாறு தந்ததா என்பது ஆராயற்பாலது.

இமயத்தை ஊடறுத்துச் செல்லும் அப்பள்ளத்தாக்கு நெடுங்காலம் வணிகப் பெருவழியாக விளங்கிற்று. திபெத்து மேட்டுநிலத்து உப்பும் கம்பளி மயிரும் தெற்கே இறங்கின. தாழ்நிலத் தானியம் வடக்கே ஏறிற்று. ஏறத்தாழ 3,800 மீற்றர் உயரத்தில், மண்மதில் சூழ்ந்த லோ மந்தாங் நகரும் அதன் பௌத்த மடங்களும் செழித்தமைக்கு இவ்வணிகமே துணைநின்றது. லோ அரசை நிறுவியவன் அமே பால் என்பது மரபு. யாத்திரிகரும் இவ்வழியை அறிந்திருந்தனர். பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியிலுள்ள முக்திநாத்தைத் திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமமெனத் தமிழ் வைணவர் போற்றுவர்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லோ, கூர்க்கா அரசின் மேலாண்மைக்கு உட்பட்டது. ஆயினும், வழியை அடைத்தது 20ஆம் நூற்றாண்டின் அரசியலே. 1959இன் பின் திபெத்து எல்லை இறுகியது. உப்பு வணிகம் தேய்ந்தது. 1960 முதல் 1974 வரை கம்பாப் போராளிகள் இங்கு தளம் அமைத்திருந்தனர். அயல்நாட்டு நடைப்பயணிகளுக்கு 1992இலேயே மேல்முஸ்தாங் திறக்கப்பட்டது. 2008இல் நேபாள முடியாட்சியோடு லோ மன்னர் பதவியும் நீங்கிற்று.

பழைமை மாறாத கிராமங்களைத் தேடிவரும் பயணிகள் நடப்பது உப்பு வணிகரின் பாதையிலேயாம். அதனருகே இன்று மோட்டார் வீதி எல்லைவரை செல்கின்றது. அதனைப் பழைமையின் அழிவென்று மட்டும் இரங்குதல் பொருந்தாது. கிராமத்தாருக்கு அது இழந்த தொடர்பின் மீட்சியுமாகும். பழைமை பேணும் பொருட்டு ஒரு மக்களைத் தனிமையில் இருத்தக் கோருதல், அவர்தம் வரலாற்றையே மறுப்பதாகும்.